ஒரே பக்கத்துக் கால்கள்

ஒரு கட்டிலுக்கு நான்கு கால். அதில் இரண்டு இடக்கால், இரண்டு வலக்கால். இதைச் சொன்னால் மிஷின் வைத்த பட்டறைகளில் இன்றைக்கு வேலை செய்யும் தம்பிமார் சிரிக்கிறார்கள். "கட்டில் காலுக்கு ஏது பாஸ் இடது வலது? அது என்னா செருப்பா?" என்று ஒருவன் என் முகத்துக்கு நேரே கேட்டான். செருப்பேதான் தம்பி. நாற்பது கட்டிலுக்கு அறுத்து, இழைத்து, துளை போட்ட கால்கள் அத்தனையும் ஒரே பக்கத்துக் கால்களாகக் குவிந்து கிடந்த முற்றத்தில் நான் நின்றிருக்கிறேன். எனக்கு இந்த விஷயத்தில் சிரிப்பு வராது.

அப்போது நான் கண்டி கட்டுகலையில் ஒரு தச்சுப் பட்டறையில் பெரிய பாஸ். எங்கள் பக்கம் கைவேலை தெரிந்தவனை பாஸ் என்றுதான் அழைப்பார்கள். பெரிய பாஸ் என்றால் சம்பளம் கொஞ்சம் கூட, ஏச்சு நிறையக் கூட. ஒரு பொருளை ஒருவனே முழுதாகச் செய்வது நல்லதா, பத்துப் பேர் பகுத்துச் செய்வது நல்லதா என்று இப்போது படித்தவர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். நான் அந்தப் பாடத்தைப் படித்த விதத்தைச் சொல்கிறேன்.

ஆளுக்கொரு கட்டில்

முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. மகாவலி ஆறு பாறைகளுக்கு நடுவில் குட்டை குட்டையாகத் தேங்கி நின்றது. குட்டையில் கொசு பெருகியது, கொசுவோடு குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்த பிறகு மழையும் வந்தது, விருந்து முடிந்தபின் வருகிற மாப்பிள்ளை போல.

வத்தேகமவில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தைக் காய்ச்சல் ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். அதற்கு நாற்பது கட்டில் செய்து தர எங்கள் முதலாளி ஒப்புக்கொண்டார். அவர் பெயர் ஹமீது. திகன ஊர்க்காரர், பருத்த மனிதர், கத்திப் பேசுவார், கத்தி முடிந்ததும் மறந்துவிடுவார்.

எங்கள் பட்டறையின் முறை ஆளுக்கொரு கட்டில். மரம் தெரிந்தெடுப்பதிலிருந்து கடைசி இழைப்பு வரை ஒரு கட்டில் ஒருவனுடையது. நான்கு காலையும் நிற்கவேண்டிய இடங்களில் நிற்கவைத்து, உள்முகங்களைப் பார்த்துப் பென்சிலால் குறி போடுவான். ஒவ்வொரு காலிலும் இரண்டு துளை வரும். நீளச் சட்டத்துக்கான துளை மேலே. குறுக்குச் சட்டத்துக்கான துளை அடுத்த முகத்தில், இரண்டு அங்குலம் கீழே. இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் சட்டங்களின் கழுந்துகள் மரத்துக்குள் முட்டிக்கொள்ளும். கழுந்து என்றால் துளைக்குள் போய் இருக்கும் சட்டத்தின் நுனி. இப்படி மேலும் கீழுமாகத் துளை வருவதால்தான் ஒரு கட்டிலுக்கு இரண்டு இடக்காலும் இரண்டு வலக்காலும் வேண்டும்.

நல்ல முறைதான். பிழை வந்தால் ஒரு கட்டிலோடு போய்விடும். ஆனால் மெதுவான முறை. அதோடு ஒருவனுடைய சட்டம் இன்னொருவனுடைய காலில் ஏறாது. ஏறினால் அவனுக்கு அவமானம். பாஸ்மாருடைய ரோஷத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

ஒருநாள் முதலாளி வத்தேகமவுக்குப் போய்விட்டு நனைந்த குடையோடு பட்டறைக்குள் வந்தார். சூசை அண்ணன் ஒரு கட்டில் காலின் தலையில் உளியால் இதழ் இதழாகப் பூ வெட்டிக்கொண்டிருந்தார். சூசை என்னை விட மூத்தவர், எங்களில் கைசுத்தமானவர்.

"மிக்கேல் பாஸ்! இங்க வாங்க," என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மனிசரு அங்க சீமெந்துத் தரயில படுத்தீக்கிறாங்க. மழத் தண்ணி அடிச்சு உள்ளுக்கு வருது. ஒங்கட ஆக்கள் இங்க காலுக்குப் பூப் போடுறாங்க. காய்ச்சக்காரனுக்கு எனத்துக்கு பூ?"

சூசை அண்ணன் உளியைக் கீழே வைத்தார். 

முதலாளியின் ஏச்சு எனக்கு நியாயமாகவே பட்டது. ஏனென்றால் அந்தச் சீமெந்துத் தரையில் என் மனைவி ரோசம்மாவும் கிடந்தாள். வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்த தன் தாயைப் பார்க்கப் போனவள், தாய்க்கு வந்த காய்ச்சலைத் தானும் வாங்கிக்கொண்டாள். தாய் தேறிவிட்டாள். இவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

ஆளுக்கொரு வேலை

"கொழும்புல தேயிலப் பொட்டி அடிக்கிற எடத்த நான் பாத்தீக்கிறன்," என்றார் முதலாளி. "ஒருத்தன் பலக வெட்டுறான். ஒருத்தன் மூலைக்குத் தகரம் அடிக்கிறான். ஒருத்தன் மூடி போடுறான். முழுப் பொட்டி செய்ற ஆள் ஒருத்தனும் இல்ல. ஆனா பொட்டி மல மாதிரி குவியிது. அது மாதிரி செய்ங்க."

"பொட்டிக்கு ஆணி அடிச்சா போதும் முதலாளி. கட்டிலுக்குக் கழுந்து வேணும்," என்றேன்.

"கழுந்து வாணாம் எண்டு நான் சொன்னனா? ஒருத்தன் கழுந்து மட்டும் வெட்டட்டும்."

அவர் இன்னொன்றும் சொன்னார். பொருத்திக் கூட்டி முடித்த கட்டில்களை லொறியில் ஏற்றினால் நாலைந்துதான் கொள்ளும். உதிரியாகக் கொண்டுபோய் அங்கேயே கூட்டினால் ஒரே லொறியில் எல்லாம் போய்விடும். அதற்கு எந்தச் சட்டமும் எந்தக் காலிலும் ஏற வேண்டும். எல்லாரும் ஒரே அளவில் வெட்டினால்தான் அது நடக்கும். யோசித்துப் பார்த்தேன், மனிதர் சொன்னதில் ஓட்டை இல்லை.

அன்றே வேலையைப் பிரித்தேன். இரண்டு பேர் அறுப்பு. இரண்டு பேர் இழைப்பு. கால்களில் துளைக்குக் குறி போடுவது சூசை அண்ணன், கைசுத்தம் என்பதால். குறிப்படி துளை வெட்டுவது வேலுவும் இன்னும் மூன்று பேரும். சட்டங்கள் பிறகு. ஒரு மெல்லிய பலகையில் மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் இடம் விட்டு ஓர் அளவுப் பலகை செய்து சூசை அண்ணனிடம் கொடுத்தேன். ஒரு முகத்தில் வைத்து மேல் குறி, காலை உருட்டி அடுத்த முகத்தில் கீழ்க் குறி.

"பாதி இடக்கால், பாதி வலக்கால் அண்ணே," என்றேன்.

"எனக்குச் சொல்லித் தர்றியா நீ?" என்றார். பூ விஷயத்தில் வந்த கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

அன்று பின்னேரமே வத்தேகமவிலிருந்து ஆள் வந்தது. ரோசம்மாவுக்கு ஜன்னி கண்டுவிட்டதாம். நான் வேலையைச் சூசை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன்.

பள்ளிக்கூட மண்டபத்தில் பாய்கள் நெருக்கமாகக் கிடந்தன. ஒருவர் கை இன்னொருவர் பாயில் கிடந்தது. ரோசம்மா என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரியவில்லை. கதவு வழியாக அடித்த சாரலில் பாயின் ஓரம் ஊறியிருந்தது. நான் பாயை இழுத்து நகர்த்தினேன். நகர்த்த இடமில்லாமல் பக்கத்தில் இருந்த கிழவரின் காலில் இடித்தேன். அவர் கண் திறக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம் பொல்லாதது.

ஜன்னி இறங்கி அவள் தண்ணீர் கேட்ட பிறகுதான் கண்டிக்குத் திரும்பினேன். என் மனதில் ஒரே எண்ணம். கட்டில் வேண்டும். அவளைத் தரையிலிருந்து தூக்க வேண்டும்.

எல்லாம் ஒரு பக்கம்

பட்டறை முற்றத்துக்கு வந்தவன் அசந்து போனேன். இழைத்த பலாக் கால்கள் தாழ்வாரம் முழுக்க அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் துளை வெட்டி முடித்திருந்தார்கள். பழைய முறையில் இதற்கு ஒரு மாதம் பிடித்திருக்கும். நான் மனதுக்குள் முதலாளிக்குக் கும்பிடு போட்டேன். இவ்வளவு நாளும் வீண் ரோஷத்தில் நேரத்தைத் தொலைத்தோமே என்றுகூட நினைத்தேன்.

நான்கு காலை எடுத்து நிறுத்தினேன். பழக்கதோஷம், வேறொன்றுமில்லை. முதல் காலும் இரண்டாவது காலும் ஒத்துவரவில்லை. இரண்டாவதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. அடுக்கின் அந்தக் கோடியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று. எல்லாம் இடக்கால்.

"சூசை அண்ணே," என்றேன்.  "அண்ணே, வலக்கால் எங்க?"

அவர் வந்து பார்த்தார். குனிந்து இன்னும் நாலைந்து கால்களைத் தூக்கிப் பார்த்தார். 

பிழை எப்படி நடந்தது என்று எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. மரத்தை எப்போதும் உன் பக்கமாகவே உருட்டு. முதலில் இழைத்த முகத்தில் போடும் முகக்குறி கண்ணை விட்டு மறையக் கூடாது. கற்றுக்குட்டியாக இருந்தபோது இந்த விதியை மறந்து எதிர்ப்பக்கம் உருட்டியவன் முதுகில் அளவுகோல் விழும். இடக்காலுக்குத் தன் பக்கம் உருட்டினால் சரி. வலக்காலுக்கு எதிர்ப்பக்கம் உருட்ட வேண்டும். முழுக் கட்டில் செய்தபோது கால்கள் எதிரே நின்றன, உருட்டும் வேலையே இல்லை. இப்போது கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேசையில் வந்து விழுந்தன. அவருடைய கை தன் பழக்கப்படி எல்லாவற்றையும் தன் பக்கமாகவே உருட்டியது. ஒழுங்கான கை என்பதால் ஒன்றுகூடத் தப்பவில்லை. கவலையீனமான ஒருவனிடம் கொடுத்திருந்தால் பாதியாவது சரியாக வந்திருக்கும்!

துளை வெட்டியவர்களும் கவனிக்கவில்லை. அவர்கள் பார்த்தது குறியை. கட்டிலை யாருமே பார்க்கவில்லை.

முதலாளி வந்தார். நான் சொன்னதும் முதலில் அவருக்கு விளங்கவில்லை. நான்கு காலை நிறுத்திக் காட்டினேன். விளங்கியதும் கத்துவார் என்று காத்திருந்தோம். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"யா அல்லாஹ்," என்று மெதுவாகச் சொல்லி ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்தார். "பாதிய வீசிட்டு வேற வெட்டுவமா?"

"காஞ்ச பலா இல்ல முதலாளி. மரக்காலையில விக்கக் கிடக்கிறது எல்லாம் பச்ச மரம். பச்சையில வெட்டினா காய்ஞ்சதும் துளை விட்டுரும், கட்டில் ஆடும்."

"இருவது கட்டில் மட்டும்?"

"இருவதும் ஏலாது. ஒரு கட்டிலுக்கும் வலக்கால் இல்ல. ஒண்ணுகூட இல்ல."

 தகரக் கூரையில் மழை கொட்டியது. எனக்கு ரோசம்மாவின் நனைந்த பாய் கண்ணுக்குள் நின்றது. சூசை அண்ணனை என்ன சொல்லித் திட்டுவது என்று வாய்க்குள் சொல் தேடிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு அந்த வேலையை மிச்சம் வைக்கவில்லை.

"நான் பூ வெட்டத்தான் லாயக்கு," என்று கத்தினார். ஒரு காலை இழுத்து மேசையில் போட்டார். "இது காலா? இது விறகு! எல்லாம் விறகு!" கீழ்த் துளைக்குள் உளியை வைத்துக் கொட்டாப்புளியால் ஓங்கி ஓங்கி அடித்தார். வேலு அவர் கையைப் பிடிக்கப் போனான், அவர் உதறினார். அடுத்த அடியில் உளி மறுபக்கம் மரத்தைச் சிம்பு சிம்பாகப் பிளந்துகொண்டு வெளியே வந்தது.

"அண்ணே, நிறுத்துங்க," என்றேன். "உளிய எடுங்க."

அவர் எடுத்தார். துளை வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. நான் அந்தக் காலை வாங்கி, மேல் துளை என்னைப் பார்க்க நிறுத்தினேன். கீழ்த் துளை இப்போது இடப்பக்கமும் இருந்தது, வலப்பக்கமும் இருந்தது.

"இது வலக்கால்," என்றேன்.

ஆப்பு

விஷயம் இவ்வளவுதான். கீழ்த் துளையை ஊடுருவ வெட்டிவிட்டால் குறுக்குச் சட்டத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து ஏற்றலாம். பழைய வாய் வெளியே திறந்து நிற்கும். அதை அடைக்க, சட்டத்தின் ஒரு நுனியில் மட்டும் கழுந்தை நீளமாக விட்டு வெளியே வரவைத்து, அதன் நடுவில் ஆப்பு அறைந்தால் இறுகிவிடும். நல்லவேளை, சட்டங்கள் இன்னும் அளவுக்கு அறுக்கப்படவில்லை.

"ஆப்பு வெளிய தெரியுமே," என்றான் வேலு.

"தெரியட்டும்," என்றார் முதலாளி. "பூவா போடுறோம்?" சொன்னவர் சூசை அண்ணனைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உடனே எல்லாரும் உளியைத் தூக்கினார்கள். நான் விடவில்லை. பதறிய காரியம் சிதறும் என்பதற்கு அந்த முற்றத்தை விடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை. "ஒரு கட்டில் மொதல்ல. முழுசா. கூட்டிப் பாத்துட்டுத்தான் மத்தது," என்றேன்.

"நேரம் போகுது பாஸ்," என்றார் முதலாளி.

"போகட்டும் முதலாளி. என் பொண்டாட்டி அங்க தரையில கெடக்கா. எனக்கே அவசரமில்லன்னா ஒங்களுக்கு என்னா அவசரம்?"

பொய். எனக்கு இருந்த அவசரத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு எல்லாரும் உளியைக் கீழே வைத்தார்கள்.

இரண்டு பக்கமிருந்தும் பாதி பாதி வெட்டினால்தான் சிம்பு எழாது. இதை முதல் கட்டிலில் இரண்டு காலின் ஓரத்தைப் பிளந்து, ஒட்டிச் சரிசெய்து கற்றுக்கொண்டோம். எண்பது காலில் கற்றுக்கொண்டிருந்தால் பட்டறையை மூடியிருக்கலாம். மூன்றாவது முயற்சியில் கட்டில் நின்றது, மேலே பலகைகளைப் பரப்பினோம். நான் முதலாளியைப் பார்த்தேன். எங்களில் பாரமானவர் அவர்தான். அவர் பயந்து பயந்து உட்கார்ந்தார், பிறகு கால் இரண்டையும் தூக்கிப் படுத்தேவிட்டார். கட்டில் முனகவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் படுத்தபடியே. "இப்ப வெட்டுங்க!"

வேலையை மறுபடி பிரித்தோம். இந்தத் தடவை கடைசி மேசையில் ஒருவர் இருந்தார். அவர் எதையும் வெட்ட மாட்டார். வருகிற உதிரிகளில் கைக்கு வந்ததை எடுத்து அவ்வப்போது ஒரு கட்டில் கூட்டிப் பார்த்துப் பிரித்து வைப்பார். அந்த இடத்துக்குச் சூசை அண்ணனைப் போட்டேன். சிலர் முகம் சுளித்தார்கள். எரிந்த அடுப்பில் ஒருமுறை கை வைத்தவனைவிடக் கவனமான சமையற்காரன் யார்? அவர் கையைத் தாண்டி ஒரு கோணல் சட்டமும் போகவில்லை.

தம்பிமாரே, எந்த முறை நல்லது என்று கூட்டம் போட்டுக் கேட்கிறார்கள் அல்லவா? ஒருவனே செய்தால் பிழை சின்னது, வேலையும் சின்னது. பகுத்துச் செய்தால் வேலை பெரிது, பிழையும் அதே அளவுக்குப் பெரிது. இரண்டாவது முறையில்தான் நான் கடைசிவரை வேலை வாங்கினேன். ஆனால் எந்த வேலையிலும் முதல் உருப்படியை முழுதாகக் கூட்டிப் பார்க்காமல் இரண்டாவதற்கு மரம் தொட விட்டதில்லை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கிற புத்தி நம் வீட்டுப் பெண்களுக்கு எல்லாம் இருக்கிறது. அதைப் பட்டறைக்குக் கொண்டுவர எங்களுக்கு இவ்வளவு பாடு.

வத்தேகம

நாற்பது கட்டிலும் உதிரியாக ஒரே லொறியில் ஏறின. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி வத்தேகம போய்ச் சேரும்வரை நான் மரங்களின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூட விறாந்தையில் கூட்டத் தொடங்கினோம். எந்தச் சட்டமும் எந்தக் காலிலும் ஏறியது. ஆப்பு அறையும் சத்தம் கேட்டு மண்டபத்துக்குள் சிலர் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

முதல் கட்டில் நின்றதும் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைச் சூசை அண்ணன் பிடித்தார். ஒருவரையும் கேட்காமல் நேரே ரோசம்மாவின் பாய்க்குக் கொண்டுபோனோம். அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது, உடம்புதான் துரும்பாகியிருந்தது.

"கட்டிலை எங்க கொண்டு போறீர்?" என்று பின்னால் ஒரு குரல். அப்போதிக்கரி ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டர் போல எல்லாம் அவர்தான். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

"என் சம்சாரம் ஐயா. நாங்கதான் இந்தக் கட்டில் செஞ்சோம்."

"ஓம், அது தெரியும். அந்தக் கிழவருக்குப் போடும். பிறகு அந்த மூலையில கிடக்கிற பிள்ளைக்கு. நான் காட்டுற ஆக்களுக்குத்தான்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நாங்க ராப்பகலா உளி புடிச்சிருக்கோம் ஐயா! என் பொண்டாட்டி தரையில கெடக்க, நான் ஊராருக்குக் கட்டில் தூக்கவா?"

 அவர் என் அருகில் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இஞ்ச பாரும். கிடக்கிற ஆக்களில பாதிப் பேருக்கும் கட்டில் போதாது. இண்டைக்குக் கட்டில் குடுக்கிற ஆக்கள் வீட்ட போவினமோ எண்டு எனக்கு நம்பிக்கை இல்லை. கடைசி நேரத்திலயாவது ஈரத்தில கிடக்காமல் இருக்கட்டும் எண்டுதான் குடுக்கிறன். உம்மட மனுசி நாலைஞ்சு நாளில எழும்பி நடப்பா." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப சொல்லும். அவவுக்குக் கட்டில் வேணுமோ?"

 சூசை அண்ணன் தன் முனையைத் திருப்பினார், நானும் திரும்பினேன். கட்டிலைக் கிழவரின் பக்கத்தில் போட்டோம். அவரைத் தூக்கிக் கிடத்தும்போது ரோசம்மா பாயிலிருந்தே கையை நீட்டி அவருடைய போர்வையை இழுத்துவிட்டாள்.

அப்போதிக்கரி ஐயா சொன்னபடியே அவள் எழுந்து நடந்தாள். கிழவர் போய்விட்டார். மூலையில் இருந்த பிள்ளையும் போய்விட்டது. ரோசம்மாவைக் கூட்டிக்கொண்டு வரும்போது கடவுளுக்கு நன்றி சொல்லவும் அவர்களுக்காக அழவும் எனக்கு ஒரே வாய்தான் இருந்தது, இரண்டையும் சரியாகச் செய்ய முடியவில்லை. அதன் பிறகு எத்தனையோ அலுமாரி, கதிரை, கல்யாணக் கட்டில் செய்திருக்கிறேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போல, நம்மவர் யாருக்கும் இது கிடைத்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே செய்யவேண்டிய வேலையும் உலகத்தில் உண்டு. தம்பிமாரே, அதையும் கோணாமல் செய்யுங்கள்.